பத்து மில்லிபார்

ஹல்பேராவுக்குப் 'பத்து' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஊரே சேர்ந்து வைத்தது என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? என் நாக்கு அப்படி. நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் பெற்ற தாயையும் விட்டுவைக்காது.

என் பெயர் சல்வோர். ஆல்குவிக் தொலைபேசி நிலையத்தைப் பத்தொன்பது வருஷம் நடத்தினேன். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறைதான் அது. ஒரு சுவரில் ஊர்த் தொலைபேசிகளை இணைக்கிற பலகை, எதிர்ச் சுவரில் படகுகளோடு பேசுகிற வயர்லெஸ், நடுவில் நானும் என் காபியும். யார் யாரோடு பேசினாலும் என் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். வயர்லெஸில் நான் படகுகளோடு பேசுவதையோ ஊர் முழுக்கக் கேட்கும். எல்லா வீட்டிலும் ரேடியோ முள்ளைப் படகு அலைவரிசையில் வைத்துவிட்டுத்தான் பெண்கள் மாவு பிசைவார்கள்.

ஹல்பேரா ஊருக்கு வெளியே, பதினொரு கிலோமீட்டர் தள்ளி, நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டுகிற இடத்தில் ஆடு வளர்த்தாள். அவள் வீட்டுக்கு மேற்கே கிரீன்லாந்து வரைக்கும் தண்ணீர்தான். அவளிடம் அரசாங்கம் கொடுத்த பாதரச பாரோமீட்டர் ஒன்று இருந்தது. மூன்று மணிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு எட்டு தரம், அதைப் பார்த்து எனக்குப் போன் பண்ணுவாள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அழுத்தம் எத்தனை மில்லிபார், மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்று வரிசையாக எண்களைச் சொல்வாள். நான் எழுதி ரெய்க்யவிக் வானிலை அலுவலகத்துக்குத் தந்தி அடிப்பேன். ஒரு மணி நேரம் கழித்து அதே எண்களை ஊர்ப் பெயரோடு ரேடியோவில் வாசிப்பார்கள். அந்த நேரம் எங்கள் நாட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளை அழுதால்கூடத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

சில புயல்கள் மூன்று நாள் முன்னாலேயே ஆள் அனுப்பிவிட்டுத்தான் வரும். அவற்றுக்கு நாங்கள் பயப்படுவதில்லை. இன்னொரு ஜாதி உண்டு. காலையில் கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்னச் சுழியாக, யாரும் மதிக்காத சுழியாக இருக்கும். அரை நாளில் ஊதிப் பெருத்து மத்தியானம் வாசலில் நிற்கும். அந்தக் காலத்தில் வானத்திலிருந்து படம் எடுத்து அனுப்ப எதுவும் கிடையாது. அப்படி ஒன்று வருகிறது என்று முதலில் தெரிவது ஹல்பேராவின் பாதரசத்துக்குத்தான். எவ்வளவு வேகமாக எண் இறங்குகிறதோ, வருவது அவ்வளவு கெட்டது.

நானும் அவளும் சின்ன வயதிலிருந்து சிநேகிதிகள். என் கணவன் ஆர்மன் 'தெர்னா' என்கிற படகின் தலைவன். அவள் கணவன் ஈஸ்லெய்வுர் குளிர்காலத்தில் ஆடுகளை அவளிடம் விட்டுவிட்டு அதே படகில் இன்ஜின் பார்ப்பான். வாரம் முழுக்க எங்கள் வீட்டு மாடியில்தான் தூங்குவான். அவன் குறட்டைக்கு நான் எத்தனை தரம் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடித்திருக்கிறேன்.

அந்த அக்டோபரில்தான் முதல் தப்பு நடந்தது. ஹல்பேரா ஒரு நாள் காலை பாதரசத்தை ஒரு கோடு தள்ளிப் படித்துவிட்டாள். 994 இருக்க வேண்டிய இடத்தில் 984 என்றாள். பாரோமீட்டர் படிப்பவர்கள் எல்லோரும் ஆயுளில் ஒரு தரமாவது செய்கிற தப்புதான் அது. நான் அப்படியே அடித்து அனுப்பினேன். ரெய்க்யவிக்கில் புயல் எச்சரிக்கை கொடுத்தார்கள். எங்கள் ஊரின் மூன்று படகும் தூண்டில் கயிற்றைக் கடலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தன. வந்து பார்த்தால் காற்றும் இல்லை, கூச்சலும் இல்லை. வருஷத்தின் நல்ல நாள். பக்கத்து ஊர்ப் படகுகள் தளம் தெரியாமல் மீனோடு திரும்பின. எங்கள் ஆட்கள் துறையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஹல்பேராவை அல்ல, என்னைக் கடித்தார். "மூணு மணி நேரத்துல இவ்வளவு இறங்குமான்னு உனக்கே தோணலையா? எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கற?" என்றார். ஆர்மனும் அன்று சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டு, "அவதான் தூக்கக் கலக்கத்துல சொன்னா. நீயாவது பாத்திருக்கக் கூடாதா?" என்றான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் செய்த தப்புக்கு நான் ஏன் பேச்சு கேட்க வேண்டும்? மறுநாள் கூட்டுறவுக் கடையில் நாலு பேர் நிற்கும்போது, "நம்ம பத்து என்ன சொல்றா இன்னைக்கு?" என்றேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவளைப் 'பத்து' என்றுதான் சொன்னார்கள்.

பிப்ரவரியில் எங்கள் ஊரில் குளிர்கால விருந்து நடக்கும். அழுகவைத்த சுறா, அவித்த ஆட்டுத்தலை, தொண்டையை எரிக்கிற சாராயம். சாப்பாடு முடிந்ததும் அந்த வருஷம் ஊரில் யார் என்ன கோமாளித்தனம் செய்தார்களோ, அதையெல்லாம் நாடகமாகப் போட்டு அவர்கள் முகத்துக்கு எதிரேயே கிழிப்பார்கள். கிழிபடுகிறவர்களும் சிரித்தாக வேண்டும். சிரிக்காமல் எழுந்து போனவர்களை ஊர் பத்து வருஷம் விடாது. அந்த வருஷத்து நாடகத்தை எழுதியது நான்.

'ஒத்துர்' என்கிற படகின் தலைவன் கோல்பெய்ன் பெண் வேஷம் கட்டினான். ஹல்பேராவுடைய கம்பளிச் சட்டை போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு, சூப்பு அகப்பையைக் கையில் பிடித்து பாரோமீட்டர் என்று படித்தான். ஆட்டை எண்ணினால் பத்து குறைந்தது. விருந்தாளிகளை எண்ணினால் பத்து குறைந்தது. கடைசியில் படுக்கையில் கணவனைத் தடவிப் பார்த்துவிட்டு, அவன் விரல் பத்தையும் காணோம் என்று ஒப்பாரி வைத்தான். கூடமே உருண்டது. ஈஸ்லெய்வுர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஹல்பேராவும் சிரித்தாள். கழுத்து வரைக்கும் சிவந்துபோய், இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை தட்டுகிறவர்களுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணிக்கு மூன்று படகும் போயின. வானிலை அறிக்கை சுமாரான தென்மேற்குக் காற்று என்றது. ஆறு மணிக்கு ஹல்பேரா சொன்ன எண் 984. அதில் ஒன்றும் விசேஷமில்லை.

ஒன்பது மணிக்கு மணி அடித்தது.

"சல்வோர், சிரிக்காத," என்றாள். விருந்துக்குப் பிறகு அவள் குரலில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. "நான் மூணு தடவ பாத்துட்டேன். விளக்கைக் கிட்ட வெச்சுப் பாத்தேன். 966."

"காத்து எப்படி?"

"காத்தே இல்ல. கடல் மட்டும் ஒரு மாதிரி உருளுது. ஆடெல்லாம் சுவரோரமா ஒட்டிக்கிட்டு நிக்குது. 966 தான். பதினெட்டு இறங்கியிருக்கு."

"சரி சரி, எழுதிக்கிட்டேன்," என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணி நேரத்தில் பதினெட்டு. நான் அதுவரை அப்படி ஒரு எண்ணை எழுதியதே இல்லை. காற்றும் இல்லையாம். சன்னலுக்கு வெளியே புகைபோக்கிப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பத்தைக் கூட்டிப் பார்த்தேன். 976. எட்டு இறக்கம். பிப்ரவரி மாதத்துக்கு அது சாதாரணம். கச்சிதமாகப் பொருந்தியது. சனியனே, மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா என்று நினைத்தேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அந்த நடுங்குகிற குரலை இன்னொரு தரம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. நான்தான் அதை நடுங்க வைத்தேன் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

976 என்று அடித்தேன். இறக்கம் என்கிற இடத்தில் பதினெட்டை எட்டாக்கினேன். ஒரு எண் என்றால் கை தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இரண்டு எண்ணை மாற்றினேன். இந்தத் தடவை ரெய்க்யவிக்காரர் என்னைக் குறை சொல்ல முடியாது என்று ஒரு திருப்தி. காபி ஊற்றிக்கொண்டேன்.

பத்தேகால் மணிக்கு ரேடியோவில் வாசித்தார்கள். ஆல்குவிக், அமைதி, 976. எச்சரிக்கை எதுவும் இல்லை.

பத்து இருபதுக்கு வயர்லெஸ் கரகரத்தது. ஆர்மன்.

"தெர்னா பேசறேன். சல்வோர், இருக்கியா?"

"வேற எங்க போவேன்?"

"இங்க நம்ம பாரோமீட்டர் தலைகீழா இறங்குது. 967 காட்டுது. தட்டிப் பாத்தேன், இன்னும் கொஞ்சம் விழுது. ரேடியோல 976-ங்கறான். பத்து உன்கிட்ட அப்படித்தான் சொன்னாளா? அந்த எண் சரிதானா?"

இங்கேதான் இருக்கிறது என் வாழ்க்கை. வேறெங்கும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் 'இறங்குது' என்றபோதே புரிந்துவிட்டது. வாயைத் திறந்து, "இல்ல, அவ 966-னு சொன்னா, நான் மாத்திட்டேன்," என்று சொல்ல வேண்டும். ஆறு வார்த்தை. ஆனால் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோல்பெய்ன் மனைவி மாவு பிசைந்துகொண்டே கேட்கிறாள். பாதிரியார் வீட்டில் கேட்கிறார்கள். அரசாங்கத் தந்தியில் கை வைத்தவள் சல்வோர் என்று சாயங்காலத்துக்குள் கடைவரைக்கும் பேச்சு வரும். அடுத்த வருஷ விருந்தில் யாராவது என் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள். இவ்வளவையும் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது? மூச்சு ஒன்று இழுத்துவிடும் நேரம்.

"சரிதான்," என்றேன்.

"அப்போ இந்த டப்பாதான் செத்துப்போச்சு," என்று சிரித்தான். பின்னால் ஈஸ்லெய்வுர் குரல் கேட்டது. "என் பொண்டாட்டிய நம்பாத, டப்பாவ நம்பு," என்றான். இருவரும் சிரித்தார்கள். "மீன் நல்லா வருது. பாதிக் கயிறு இன்னும் உள்ள கெடக்கு. எடுத்துட்டு வரோம்," என்று ஆர்மன் வைத்துவிட்டான்.

பத்து நிமிஷத்தில் ஹல்பேரா கூப்பிட்டாள். அவளும் ரேடியோ கேட்டிருந்தாள்.

"சல்வோர், 976-னு வாசிச்சாங்க. நான் 966-ல்ல சொன்னேன்?"

"976-னுதான் சொன்ன. இதோ எழுதி வெச்சிருக்கேன்."



"மூணு தடவ பாத்தேனே."

"மூணு தடவையும் என்னத்தப் பாத்தியோ. என்கிட்ட சொன்னது 976."

நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். ஊர் கேட்கவில்லை, அவள் வீட்டுக் கம்பியில் வேறு யாரும் கிடையாது. அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆர்மனிடம் 'சரிதான்' என்று சொல்லியாகிவிட்டது. ஒரு பொய்யை நட்டுவிட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்றித்தானே ஆக வேண்டும்.

"அப்போ நான்தான் ஏதோ..." என்றாள். "மன்னிச்சுக்கோ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்."

பத்தே முக்காலுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். "இப்போ 957 காட்டுது சல்வோர். எனக்குப் பயமா இருக்கு. கண்ணு கெட்டுப்போச்சா, புத்தி கெட்டுப்போச்சான்னு தெரியல. இது உண்மையா இருந்தா அவங்க எல்லாரும்..." அவள் முடிப்பதற்குள் நான் கம்பியைப் பிடுங்கிவிட்டு வயர்லெஸுக்குப் போனேன்.

எல்லாப் படகும் உடனே திரும்ப வேண்டும் என்று கத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் குரலே போதுமாயிருந்தது. கோல்பெய்னும் மற்றப் படகுக்காரனும் கரைக்குக் கிட்டத்தில் இருந்தார்கள். ஆர்மன் இருபது மைல் வெளியே. கயிற்றை வெட்டிவிட்டுத் திரும்பினான்.

பதினொன்றரைக்குக் காற்று வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. அதுவரை இல்லாத ஒன்று, ஒரு நொடியில் இருந்தது. தெற்கிலிருந்து அடித்து, ஒரு மணி நேரத்துக்குள் அப்படியே மேற்குக்குத் திரும்பியது. எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து தேவாலயச் சுவரில் மோதியது. கோல்பெய்ன் பன்னிரண்டு மணிக்கு, சன்னல் கண்ணாடியெல்லாம் உடைந்து, முகத்தில் ரத்தத்தோடு உள்ளே வந்தான். மற்றவன் அவனுக்குப் பின்னாலேயே வந்தான். அதற்குப் பிறகு துறைமுக வாயில் முழுக்க வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆர்மன் பேசினான். "மூணு மைல் இருக்கு. பனிக்கட்டி ஏறுது, வெட்டி வெட்டி மாளல. இன்ஜின் நல்லா ஓடுது. ஈஸ்லெய்வுர் கீழ இருக்கான்." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "டப்பா சரியாத்தான் இருந்திருக்கு, சல்வோர்," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பத்து இருபதிலிருந்து பத்தே முக்கால் வரை இருபத்தைந்து நிமிஷம். அந்தப் படகு ஓடுகிற வேகத்துக்கு மூன்று மைலுக்குச் சற்று மேலே. நான் கணக்கில் கெட்டிக்காரி. இதை எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

படகில் ஐந்து பேர். இரண்டு உடல்தான் கிடைத்தது. என் ஆர்மன் ஹல்பேராவின் கரையில் ஒதுங்கினான். அவள்தான் கண்டுபிடித்தாள். தன் கணவனைத் தேடிக்கொண்டு கடற்கரையில் நடந்தவளுக்கு என் கணவன் கிடைத்தான். தனியாகப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்துப் போய், முகத்தைக் கழுவி, ஈஸ்லெய்வுருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு அனுப்பினாள். ஈஸ்லெய்வுர் கிடைக்கவே இல்லை.

ஊர் ஒரு வாரம் அழுதது. பிறகு யோசிக்கத் தொடங்கியது. ரேடியோ 976 என்றது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆர்மன் கேட்டதும் நான் 'சரிதான்' என்றதும் ஞாபகம் இருந்தது. பாவம் சல்வோர், அந்தப் பைத்தியக்காரி சொன்னதை நம்பித்தானே புருஷனுக்குச் சொன்னாள், தன் வாயாலேயே அனுப்பிவிட்டாளே என்று எனக்காக அழுதார்கள். அக்டோபரில் பத்து குறைத்துச் சொன்னவள் பிப்ரவரியில் பத்து கூட்டிச் சொல்லிவிட்டாள். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. யாரோ அவள் ஆட்டுக் கொட்டகைக் கதவில் தாரால் '10' என்று எழுதிவிட்டுப் போனார்கள். 'பத்து' என்று சிரித்துக் கூப்பிட்ட காலம் போய்விட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் அவள் என் முன்னறைக்கு வந்தாள். கையில் அளவு எழுதுகிற புத்தகம். பனியில் பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். உட்காரவில்லை.

"உன் புருஷன நான் கொன்னுட்டேன்," என்றாள். "என் புருஷனையும். அந்த மூணு பேரையும். உன்கிட்ட மட்டும் வந்து சொல்லணும்னு தோணிச்சு."

புத்தகத்தைத் திறந்து காட்டினாள். பிப்ரவரி மாதப் பக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக் கட்டத்தில் தாள் தேய்ந்துபோகும் அளவுக்கு ரப்பரால் அழித்து, மேலே 976 என்று எழுதியிருந்தாள்.

"நான் 966-னு எழுதி வெச்சிருந்தேன்," என்றாள். "ஆனா உன்கிட்ட 976-னு சொல்லியிருக்கேன். அப்போ பாத்தது தப்பா, சொன்னது தப்பான்னே எனக்குத் தெரியல. நீ பொய் சொல்ல மாட்ட. அதான் திருத்திட்டேன்."

அந்த ஒரு கட்டம்தான் உலகத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடியது. அதை அவளே அழித்துவிட்டு வந்து நிற்கிறாள். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. ஆனால் அழுதுகொண்டே, உள்ளே எங்கேயோ ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காக நான் நரகத்துக்குப் போனால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

"மன்னிச்சிட்டியா?" என்றாள்.

"மன்னிச்சிட்டேன்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சுடச்சுடக் காபி கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

அரசாங்கம் அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. கடலுக்குள் நீட்டுகிற அந்த நில மூக்கில் வேறு யார் குடியிருப்பார்கள்? அவள் தொடர்ந்து எட்டு தரம் கூப்பிட்டாள். ஆனால் முன்போல அல்ல. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சொல்வாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு, "சரியா இருக்கா, சல்வோர்?" என்பாள். பாதரசம் அவள் வீட்டில் இருக்கிறது, நான் என்னத்தைக் கண்டேன்? "சரியா இருக்கு," என்பேன். ஊரில் அவளோடு பேசுகிறவள் நான் ஒருத்திதான். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ கடல்ல போய் விழுந்திருப்பேன்," என்று ஒரு தரம் சொன்னாள். அதற்கும் "சரி சரி, அடுத்த எண்ணைச் சொல்லு," என்றேன்.

நாலு வருஷம் போயிற்று. ஒரு நவம்பர் மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். இரண்டு படகு வெளியே இருந்தன. அதில் ஒன்று கோல்பெய்னுடையது.

"சல்வோர், தமாஷா ஒண்ணு சொல்றேன். 957 காட்டுது," என்றாள். குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று. "பதினாறு இறங்கியிருக்காம். அப்படியெல்லாம் எங்கயாவது இறங்குமா? மறுபடியும் எனக்கு ஆரம்பிச்சிடுச்சு போல. நான் புத்தகத்துல 967-னே போட்டுட்டேன். நீயும் பத்து கூட்டியே அனுப்பிடு."

என் கை பென்சிலில் இருந்தது. சன்னலுக்கு வெளியே புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"கூட்டாத," என்றேன்.

"ஏன்?"

"நீ பாத்ததுதான் சரி. 957-ஐத் திருப்பி எழுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கடவுள் எனக்கு இரண்டாம் தரமும் வாசலைத் திறந்து வைத்தார். ஊரும் கேட்கவில்லை. அவளும் நானும் கம்பியும் மட்டும்தான். அன்றைக்கும் நீ பார்த்தது சரிதான் ஹல்பேரா என்று சொன்னால் போதும்.

"தெரியும், அவ்வளவுதான்," என்றேன். "வை. படகுகளைக் கூப்பிடணும்."

தந்தியை அப்படியே அடித்தேன். வயர்லெஸில் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கயிற்றை வெட்டச் சொன்னேன். இரண்டரை மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு அது வந்தது. துறைமுகச் சுவரில் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஆள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

நடந்ததை ஊருக்குச் சொன்னது ஹல்பேராதான். நாலு வருஷமாக என்னைத் தவிர யாரோடும் பேசாதவள், வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "நான் பத்து கூட்டி அனுப்பச் சொன்னேன், சல்வோர்தான் விடல, அவளுக்குத் தானாவே தெரிஞ்சுது," என்றாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். தன்னால் இன்னொரு தரம் யாரும் சாகாமல் போனதே என்கிற சந்தோஷம்.

அந்த பிப்ரவரி விருந்துக்கு அவளையும் கூப்பிட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு வந்தாள். அதே கம்பளிச் சட்டை. நான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். சாப்பாடு நடுவில் கோல்பெய்ன் கோப்பையோடு எழுந்தான். நன்றாகக் குடித்திருந்தான்.

"போன தடவ நாங்க அஞ்சு பேரைக் குடுத்தோம்," என்றான். "இந்தத் தடவையும் நம்ம பத்து எங்களை முழுங்கத்தான் பாத்தா. ஆனா சல்வோர் விடல. தன் புருஷனைப் பறிகுடுத்தவ, ஊர்ப் பொம்பளைங்க புருஷன்மாரைக் காப்பாத்திட்டா. அவளுக்காகக் குடிங்க."

எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதிரியார் வந்து என் தோளைத் தட்டினார். ஹல்பேராவும் எழுந்து நின்றாள். எல்லோரையும்விட அதிக நேரம் கை தட்டியது அவள்தான்.

உட்கார்ந்ததும் மேஜைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். குனிந்து காதருகே வந்தாள்.

"அன்னைக்கும் நான் உன்னையே கேட்டிருக்கணும்," என்றாள். "கூட்டவா வேண்டாமான்னு உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நம்ம புருஷங்க ரெண்டு பேரும் இப்போ இங்க உக்காந்திருப்பாங்க இல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இருந்திருப்பாங்க," என்றேன். "சாப்பிடு, ஆறிடப்போகுது."